ஒரு மலைக்கு ஒரு பூச்சி: புதர்வெட்டுக்கிளிகளும் ஓரிட வாழ்வும்

கிரேக்க நாட்டில் பர்னாசியானா என்றொரு புதர்வெட்டுக்கிளிப் பேரினம் உண்டு. அதில் உள்ள இனங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அந்த நாட்டு மலைகளின் பெயர்களைச் சொல்வதுபோல இருக்கும்: செல்மோஸ், மெனாலோன், பர்னோன், திர்ஃபிஸ். பேரினத்தின் பெயரே பர்னாசோஸ் மலையிலிருந்து வந்ததுதான். எந்த மலையின் மேல்மட்டப் புல்வெளியில் பூச்சி கிடைத்ததோ, அந்த மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் அந்த மலையையும் அதன் அக்கம்பக்கத்தையும் தாண்டி அவற்றைக் காண முடியாது.

மலைக்கொரு பூச்சி என்பது எப்படி நேர்ந்தது? அதனால் அந்தப் பூச்சிக்கு என்ன ஆபத்து? அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் எதைச் செய்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே காரணம். அதைச் சொல்லுமுன் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன்.

புதர்வெட்டுக்கிளி வயலில் கூட்டமாகப் பறக்கும் வெட்டுக்கிளி அல்ல. இதன் உணர்கொம்புகள் நூல்போல மெலிந்து, பெரும்பாலும் உடலைவிட நீளமாக இருக்கும். வயல் வெட்டுக்கிளிக்குக் கொம்பு குட்டை, தடிப்பு. பார்த்தவுடன் பிரித்தறிய இதுவே போதும். இரவில் வீட்டு மூலையில் ரீங்காரமிடும் சில்வண்டுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். ஆங்கிலேயர் புஷ் கிரிக்கெட் என்பார்கள், அமெரிக்கர் கேட்டிடிட் என்பார்கள். பெண் பூச்சியின் பின்புறம் வாள்போல ஒரு உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது முட்டையிடும் குழாய், அவ்வளவுதான். இனத்தைப் பொறுத்து மண்ணிலோ, செடித்தண்டிலோ, மரப்பட்டையின் இடுக்கிலோ அதைச் செருகி முட்டை வைக்கும்.

ஆண் பாடும். இடது முன்சிறகின் அடிப்பக்கத்தில் நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. வலது சிறகின் விளிம்பு அதில் உரசும்போது ஓசை பிறக்கிறது. கேட்கும் காது முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. காலில் இருந்தாலும் அதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் ஒரு புதர்வெட்டுக்கிளியின் காதை ஆராய்ந்தவர்கள், ஒலியை வாங்கி, பெருக்கி, அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் மூன்று வேலைகளும் நம் காதில் நடப்பதைப் போலவே அதிலும் நடக்கின்றன என்று 2012-இல் காட்டினார்கள்.

உலகம் முழுவதும் இதுவரை பெயரிடப்பட்ட புதர்வெட்டுக்கிளி இனங்கள் 8,000-க்கு மேல். பாலூட்டிகள் அத்தனையையும் கூட்டினாலே 6,500-ஐ ஒட்டித்தான் வரும். இத்தனை இனங்களும் பூமியில் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில இடங்களில் குவிந்து கிடக்கின்றன, சில இடங்களில் ஒன்றிரண்டோடு முடிந்துவிடுகின்றன.

சரி, காரணத்துக்கு வருவோம். சிறகு.

பறப்பது செலவு மிகுந்த காரியம். சிறகையும் அதை இயக்கும் தசையையும் வளர்க்கத் தீனி வேண்டும். ஓர் இடம் ஆண்டுக்காண்டு மாறாமல், உணவும் மறைவிடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பறந்து போக வேண்டிய தேவை குறைகிறது. அங்கே அந்தச் செலவை முட்டைக்கு மாற்றும் பெண்ணின் சந்ததி பெருகும். தலைமுறைகள் ஓட ஓடச் சிறகு சுருங்கிக்கொண்டே போகும். புதர்வெட்டுக்கிளிகளில் இது ஒருமுறை அல்ல, தனித்தனியாகப் பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் ஆணுக்குச் சிறகு முற்றிலும் போய்விட்டால் பாட முடியாது. அதனால் குட்டைச் சிறகு இனங்கள் பலவற்றில் ஆணின் முதுகில் சிறகின் வேர்ப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பறக்க உதவாது, பாட்டுக்கு மட்டும் உதவும். பரிணாமம் விட்டுவைத்த மிச்சங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பறக்காத பூச்சிக்கு ஒரு பள்ளத்தாக்கே கடல். பால்கன் நாடுகளிலும் துருக்கியிலும் கருங்கடலைச் சுற்றியும் வாழும் போசிலிமான் என்ற பேரினத்தில் 140-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாமே பறக்காதவை. ஏன் அந்தப் பகுதியில் இத்தனை? பனியுகங்களின்போது ஐரோப்பாவின் வடபகுதி பனிக்கடியில் கிடந்தது. தென்கிழக்கில் உயிர்கள் தங்க இடம் இருந்தது. குளிர் கூடிய காலத்தில் குளிர்ப் புல்வெளிகள் அடிவாரம்வரை இறங்கின, பூச்சிகளும் இறங்கிக் கலந்தன. வெப்பம் திரும்பியபோது அடிவாரத்தைக் காடு பிடித்துக்கொள்ள, புல்வெளி மேலேறியது. அதோடு பூச்சிகளும் ஏறி, ஆளுக்கொரு மலையில் மாட்டிக்கொண்டன. இப்படிப் பலமுறை ஏறி இறங்கியிருக்கின்றன. பிரிந்திருந்த ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிக்கொண்டே வந்தது. பாட்டு மாறினால் பெண்ணுக்கு அந்தப் பக்கத்து ஆணை அடையாளம் தெரியாது. அதன்பின் மறுபடி சந்தித்தாலும் கலப்பதில்லை.

இப்படி ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் மட்டுமே வாழ்ந்து, இயற்கையாக வேறெங்கும் காணப்படாத உயிரை ஓரிட வாழ்வி என்கிறோம். அந்த ‘இடம்’ எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. ஒரு கண்டத்துக்கு ஓரிட வாழ்வியாக இருக்கலாம், ஒரு குன்றுக்கும் இருக்கலாம். செய்தித்தாள்களில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதிவிடுகிறார்கள்.

ஓரிட வாழ்விகளிலும் இரண்டு வகை. ஒன்று, மேலே சொன்ன மாதிரி அண்மையில் பிரிந்து உருவானவை. சுற்றிலும் நெருங்கிய சொந்தங்கள் இருக்கும். மற்றது, ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்த பழைய கூட்டத்தின் மிச்சம். ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே பேட்டிகா உஸ்துலாட்டா என்றொரு பறக்காத புதர்வெட்டுக்கிளி வாழ்கிறது. வேறெந்த மலையிலும் இல்லை. அதே பேரினத்தில் வேறு இனமும் இல்லை. அது போனால் ஒரு பேரினமே போகும். ஆகவே எது முக்கியம் என்று கேட்டால், இன எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

மலைக்குப் பதில் தீவு என்றால் கதை இன்னும் தெளிவாகத் தெரியும். ஹவாய்த் தீவுகளில் பான்சா என்ற பேரினம் இருக்கிறது. ஏறக்குறைய பத்து இனங்கள், பெரும்பாலும் தீவுக்கு ஒன்று அல்லது இரண்டு. உலகில் வேறெங்கும் பான்சா கிடையாது. எப்போதோ கடல் கடந்து வந்து சேர்ந்த மூதாதையின் வாரிசுகள் எல்லாம். நிஹோவா என்ற குட்டித் தீவில் உள்ள இனத்துக்குச் சொந்தமான உலகம் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2004-இல் வெளியிலிருந்து வந்த வேறொரு வெட்டுக்கிளி இனம் அந்தத் தீவில் பல்கிப் பெருகிப் பசுமையின் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. பரந்து வாழும் ஓர் இனத்துக்கு இது ஒரு மோசமான ஆண்டு. நிஹோவா பான்சாவுக்கு மொத்த உலகத்துக்கும் வந்த கேடு.

இங்கே ஒரு குழப்பம் வரும். வகை மிகுதியும் ஓரிட வாழ்வும் ஒன்றா? இல்லை. புதர்வெட்டுக்கிளி இனங்கள் மிகுந்து கிடப்பது வெப்பமண்டலக் காடுகளில்தான். அமேசான், நடு அமெரிக்கா, நியூகினி போன்ற இடங்களில் ஒரே காட்டில் ஏராளமான இனங்கள் ஒன்றாக வாழும். இலைபோல, காய்ந்த சருகுபோல, பாசி படர்ந்த பட்டைபோல வேடமிட்டவை பல. ஆனால் அவற்றில் பல பறக்கக்கூடியவை, காடு தொடரும் தூரம்வரை பரவியிருக்கலாம். மத்தியதரைக் கடலோர மலை ஒன்றில் பத்துப் பதினைந்து இனங்களே இருந்தாலும் அவற்றில் ஒன்றிரண்டு வேறெங்கும் இல்லாதவையாக இருக்கும். முதல் இடம் எண்ணிக்கையில் பணக்காரன், இரண்டாவதில் இருப்பது மாற்று இல்லாத சொத்து.

வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கல். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயரிடப்பட்ட இனங்கள் நிறைய. ஓரிடத்தில் மட்டும் கிடைத்தது என்பதற்காக ஓரிடத்தில் மட்டும் வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது. தேடியதே அந்த ஓரிடத்தில் மட்டுமாக இருக்கலாம். அதோடு, அங்குள்ள பல இனங்கள் எளிதில் பாடுவதில்லை. பாட்டைக் கேட்டே பூச்சியைத் தேடிப் பிடிக்கும் வௌவால்கள் அந்தக் காடுகளில் உண்டு. பனாமாவில் செய்த ஆய்வு ஒன்று 1987-இல் இதைத் தெளிவாக்கியது. வௌவால் மிகுந்த காட்டில் பூச்சிகள் அபூர்வமாக, சுருக்கமாகப் பாடுகின்றன. சில இனங்கள் காற்றில் ஒலி எழுப்புவதைக் குறைத்துக்கொண்டு, செடியை உலுக்கி அதிர்வாகவே செய்தி அனுப்புகின்றன. பூச்சியின் இந்த எச்சரிக்கை வௌவாலை மட்டுமா ஏமாற்றுகிறது, கணக்கெடுக்கப் போகிறவரையும் ஏமாற்றுகிறது.

சிறகு இல்லை என்றால் ஓரிட வாழ்வி என்று சூத்திரமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. சாகா பெடோ என்ற இனத்தைப் பாருங்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய பூச்சிகளில் ஒன்று, மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், பறக்காது. ஆனால் ஸ்பெயினிலிருந்து மத்திய ஆசியாவரை சிதறிச் சிதறிப் பரவியிருக்கிறது. அதன் ரகசியம், ஆண் தேவையில்லை என்பது. பெண் தனியாகவே முட்டையிட்டு மகள்களைப் பெறும். ஒரே ஒரு பூச்சி புதிய இடத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். தெற்கு ஐரோப்பாவின் பறக்காத கருவாலிப் புதர்வெட்டுக்கிளி வேறொரு வழி கண்டுபிடித்தது. கார்களில் ஒட்டிக்கொண்டு வடக்கே பயணம் செய்து, 2001-இல் பிரிட்டனில் பதிவாகிவிட்டது! ரோசல் புதர்வெட்டுக்கிளியில் பெரும்பாலானவை குட்டைச் சிறகுடன் இருக்கும். சில மட்டும் நீண்ட சிறகோடு பிறந்து பறந்துபோய்க் குடியேறும். சாலையோரப் புல்லைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தில் அது வேகமாகப் பரவியது. ஆக, நகர ஏதாவது ஒரு வழி இருப்பவை தப்பிக்கின்றன. எந்த வழியும் இல்லாதவை இருக்கும் இடத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன.

இதை வைத்துப் பாதுகாப்பைத் திட்டமிடலாமா என்று தென்னாப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். அங்குள்ள புதர்வெட்டுக்கிளிகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். எவ்வளவு அழியும் ஆபத்தில் இருக்கிறது, எவ்வளவு பரந்து வாழ்கிறது, நகரக்கூடியதா, எதைத் தின்கிறது ஆகியவை அளவுகோல்கள். பறக்காத, குறுகிய பரப்பில் வாழும் பூச்சிக்கு மதிப்பெண் கூடும். பிறகு நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் காக்க வேண்டியது என்று இரண்டு விதமாகக் கணித்தார்கள், இனங்களை வெறுமனே எண்ணிப் பார்த்து ஒன்று (மொத்த இனங்கள், ஓரிட வாழ்விகள், ஆபத்தில் உள்ளவை என்று தனித்தனியாக), மதிப்பெண்ணின் சராசரியைப் பார்த்து ஒன்று. 2016-இல் வெளியான முடிவில், மதிப்பெண் முறை எல்லா எண்ணிக்கை முறைகளையும் விட நன்றாக வேலை செய்தது. மொத்த இன எண்ணிக்கைதான் கடைசி இடம். எண்ணிக்கைகளுக்குள் பார்த்தால் ஓரிட வாழ்விகளின் எண்ணிக்கை மற்றவற்றைவிட மேல். ‘இந்தக் காட்டில் இத்தனை வகை உயிர்கள்’ என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் அறிவிப்புப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

இழப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்கு நெடுபா எக்ஸ்டிங்க்டா என்ற இனம் கசப்பான சாட்சி. கலிஃபோர்னியாவில் சான் வாக்கின் ஆற்றங்கரையில் ஆண்டியாக் மணல் மேடுகள் இருக்கின்றன. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ சிதைந்தபின், செங்கல் செய்வதற்காக அந்த மணலை அள்ளினார்கள். அந்த மேடுகளிலிருந்து 1937-இல் பிடிக்கப்பட்ட ஒரு புதர்வெட்டுக்கிளி சேகரிப்பில் கிடந்தது. அது தனி இனம் என்று அறிந்து பெயரிட்டது 1977-இல். அதற்குள் தேடியும் கிடைக்காததால் ‘அழிந்துபோன’ என்பதையே பெயராக வைத்தார்கள். மிஞ்சிய மேடுகள் 1980-இல் வனவிலங்குப் புகலிடம் ஆயின. இந்தப் பூச்சிக்கு அது பயன்படவில்லை.

ஒரு காட்டையே அழித்தால்தான் ஓர் இனம் போகும் என்றில்லை. ஒரு மணல் மேடு, ஒரு சதுப்பு, ஒரு மலையின் மேல்புறம் போதும். இத்தாலியிலும் ஸ்லோவேனியாவிலும் அட்ரியாட்டிக் கடலின் வடகரையை ஒட்டிய ஈரப் புல்வெளிகளில் மட்டும் வாழும் செயுனெரியானா மர்மொராட்டாவை எடுத்துக்கொண்டால், வடிகால் வெட்டி அந்த ஈரத்தைப் போக்கினாலே அது முடிந்தது.

ஐரோப்பாவின் வெட்டுக்கிளி, சில்வண்டு, புதர்வெட்டுக்கிளி இனங்கள் 1,082-ஐயும் ஒன்றுசேர மதிப்பிட்ட சிவப்புப் பட்டியல் 2016-இல் தயாரானது. நான்கில் ஒன்றுக்கும் மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக அது சொல்கிறது. பெரிய காரணம் வேளாண்மை தீவிரமானது. மேய்ச்சல் நிலம் உழப்படுகிறது, உரமிட்ட புல் அடர்ந்து வளர்ந்து தரை குளிர்ந்துபோகிறது, அடிக்கடி அறுக்கிறார்கள், சில இடங்களில் ஆடு மாடுகள் அளவுக்கு மீறி மேய்கின்றன. அடுத்து காட்டுத்தீ, கடலோரச் சுற்றுலாக் கட்டடங்கள். காலநிலை மாற்றத்தை மலைமேல் வாழும் இனங்களுக்கு வைத்துப் பாருங்கள். வெப்பம் கூடக் கூட மேலே ஏறவேண்டும். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? தீயும் அப்படித்தான். பறக்கும் பூச்சி ஓரிரு ஆண்டில் பக்கத்திலிருந்து திரும்ப வந்துவிடும். பறக்காதது வர, பக்கத்தில் சொந்தமே இருக்காது.

அப்புறம், உலக அளவில் அருகுவது வேறு, ஒரு நாட்டுக்குள் அருகுவது வேறு. மருகடிப்பான் என்று சொல்லத்தக்க பெயருடைய ஒரு பெரிய புதர்வெட்டுக்கிளி ஐரோப்பா முழுவதும் பரவலாக இருக்கிறது. மருவைக் கடிக்க விட்டால் உதிர்ந்துவிடும் என்று சுவீடனில் நம்பியதால் வந்த பெயர். உலக அளவில் அதற்கு ஆபத்து இல்லை. ஆனால் தெற்கு இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் மிஞ்சியது. 1990-களில் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் வளர்த்து கென்ட் பகுதியில் விட்டுப் பார்த்தார்கள். அது ஓரிட வாழ்வி அல்ல, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாட்டு மக்களுக்கு அது அவர்களுடைய புல்வெளியின் நிலையைச் சொல்லும் பூச்சி என்பது என் பதில். அதன் தேவைகள் அவ்வளவு நுணுக்கமானவை. முட்டையிட வெயில் படும் வெற்றுத் தரை வேண்டும், குஞ்சுக்குக் குட்டைப் புல் வேண்டும், வளர்ந்தபின் பறவைகளிடமிருந்து ஒளிய உயரமான புல்தூறு வேண்டும். மூன்றும் சில அடிகளுக்குள் இருக்க வேண்டும். முட்டை மண்ணுக்குள் இரண்டு குளிர்காலமாவது கிடக்கும். இடையில் ஒருமுறை அங்கே ஏர் ஓட்டினால் இரண்டு தலைமுறை சேர்ந்து போய்விடும்.

அதனால் இந்தப் பூச்சிகளைக் காக்கும் வேலை பெரும்பாலும் வேலி போடுவதாக இருப்பதில்லை. வேலி போட்டு மேய்ச்சலை முழுக்க நிறுத்தினால் புதர் மண்டி, புல்வெளிப் பூச்சி அதனாலேயே அழியும். அளவாக மேய விடுவது, இடம் மாற்றி மேய விடுவது, புல் அறுப்பைக் கோடையின் பிற்பகுதிக்குத் தள்ளுவது, அறுக்கும்போது ஒரு பட்டையை விட்டுவைப்பது போன்ற சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். அறுக்காமல் விட்ட பட்டைகள் இருந்த வயல்களில் இந்தப் பூச்சிகள் கூடுதலாக இருந்ததைச் சுவிட்சர்லாந்து ஆய்வுகள் காட்டின. செலவும் அதிகமில்லை. விவசாயி ஒருவர் மனது வைத்தால் போதும் என்கிற அளவிலான வேலை.

எந்தப் பட்டையில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. கண்ணை மட்டும் நம்ப முடியாது. தென்னிந்தியக் காடுகளில் மெகோபோடா எலாங்காட்டா என்று ஒரே பெயரில் வழங்கும் பூச்சி இருக்கிறது. 2006-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் இருவர் அதன் பாட்டைப் பதிவு செய்து பார்த்தபோது ஐந்து தனித்தனிப் பாட்டுகள் கிடைத்தன. ஒன்றுக்கு ‘ஹெலிகாப்டர்’ என்றும் இன்னொன்றுக்கு ‘ரயில்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், கேட்டால் அப்படித்தான் இருக்குமாம். பூச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிவது அரிது. ஒரு பெயரை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால், பரந்து வாழும் ஓர் இனம் என்று எழுதி நிம்மதியாக இருந்துவிடுவோம். அதற்குள் குறுகிய இடத்தில் மட்டும் கேட்கும் ஒரு பாட்டு ஒளிந்திருந்தால் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

நல்லவேளையாகப் பாட்டைப் பிடிக்கும் கருவி ஏற்கெனவே பலரிடம் இருக்கிறது. பல இனங்களின் பாட்டு மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். எட்டுவதும் வயதானவர்களுக்குக் கேட்காமல் போகும். வௌவாலின் ஒலியைப் பதிவு செய்யும் கருவிக்கு அது பிரச்சினையே இல்லை. பிரான்சில் தன்னார்வலர்கள் வௌவால்களைக் கணக்கெடுப்பதற்காகச் சாலையோரங்களில் செய்த பதிவுகளில் புதர்வெட்டுக்கிளிகளும் பாடியிருந்தன. அதே ஒலிக்கோப்புகளை எடுத்து, நகரமும் தீவிர வேளாண்மையும் இந்தப் பூச்சிகளை என்ன செய்கின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வே வெளியிட்டுவிட்டார்கள். வௌவாலுக்காகச் செய்த பழைய பதிவுகளை இன்னும் அழிக்காமல் வைத்திருப்பவர்கள் அவற்றை மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.